அலுமினிய டி.எல்.சி. ஷீட்: டெல்டா மழைக்குத் தாங்குமா?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் லேபுக்கு டி.எல்.சி. (மெல்லிய சிலிக்காப் படலத்தில் கரைப்பான் ஏறும்போது சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை) ஷீட் வாங்குபவர்கள் கவனத்துக்கு: மெர்க்கின் சிலிக்கா ஜெல் 60 எஃப்254 (254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் ஒளிரும் பொருள் கலந்தது) அலுமினிய ஷீட் கொடுக்கிற காசுக்குத் தகும். கண்ணாடியில் நாமே பூசுவதென்றால் 30 கிராம் சிலிக்கா ஜெல் ஜி-க்கு 60 மி.லி. தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றுவதற்குள் அதிலுள்ள ஜிப்சம் இறுகத் தொடங்கிவிடும். படலம் ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்து கிடக்கும். இந்த ஷீட்டில் படலம் சீராக 0.2 மி.மீ.

20×20 செ.மீ. ஷீட்டை 2×5 செ.மீ. ஆக வெட்டினால் 40 துண்டு தேறும். பின்பக்கம் பென்சில் கோடு போட்டுக் கூரான கத்தரியால் வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி ஓரத்துச் சிலிக்காவை உதிர்க்கும். அங்கே கரைப்பான் வளைந்துதான் ஏறும்.

ஆஸ்பிரின் தயாரிப்பில் இதன் அருமை தெரியும். அடியிலிருந்து 1 செ.மீ. மேலே சாலிசிலிக் அமிலம், நம் விளைபொருள், நடுவில் இரண்டும் கலந்த ஸ்பாட். கரைப்பான் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் சரிபாதி; அதில் 10 மி.லி.க்கு 2 சொட்டு அசிட்டிக் அமிலம் விடாவிட்டால் ஸ்பாட் வால் இழுக்கும். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பச்சைப் பின்னணியில் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். சிலிக்காவோடு ஒட்டும் ஓ.எச். (ஹைட்ராக்சில்) தொகுதி இருப்பதால் சாலிசிலிக் அமிலம் கீழே நிற்கும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதால் அது ஆஸ்பிரினுக்கு மேலே போகும்.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். சிலிக்கா ஈரத்தை இழுத்துக்கொண்டால் சேர்மத்தைப் பிடித்து நிறுத்தும் வலு குறைந்து ஆர்.எஃப். மதிப்பு (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) கூடிவிடும். போன மாத மதிப்போடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் தூய மாதிரியைப் பக்கத்தில் வைத்தே ஓட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை 110 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம் வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத உலர்த்தும் கலம்) ஆறவிடுங்கள். டெசிகேட்டரின் நீலச் சிலிக்கா இளஞ்சிவப்பாகியிருந்தால் முதலில் அதை வறுத்தெடுங்கள்.

சாலிசிலிக் அமில ஸ்பாட் புதிதாகத் தெரிந்தால் உடனே ஷீட்டைக் குறை சொல்ல வேண்டாம். அமிலம் போகக் கழுவாமல் ஈரத்தோடு விட்ட ஆஸ்பிரின் நீராற்பகுப்பில் உடைந்திருக்கும். முகர்ந்தால் வினிகர் வாடை வரும்.

புள்ளிகள் தெரிவதற்காக அடர் கந்தக அமிலம் தெளித்துச் சுட்டுப் பார்க்கும் வேலைக்கு மட்டும் இது ஆகாது, அலுமினியம் அரித்துப்போகும். அதற்குக் கண்ணாடித் தகடே வாங்குங்கள்.