விழுந்த இடுப்புக்கு எக்ஸ்ரேயா, சி.டி.யா?

வாசல் தெளிக்கும்போது வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார் அம்மா. வயது 74. எழுந்து நின்றுவிட்டார், ஆனால் இரண்டு எட்டு வைத்ததும் கவட்டையில் சுருக்கென்று பிடித்தது. "எக்ஸ்ரேல சரியாத் தெரியாதுப்பா, நேரா சி.டி. எடுத்துடு" என்றார் சித்தப்பா. நான் எக்ஸ்ரேயில்தான் ஆரம்பித்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எக்ஸ்ரே மலிவு, சில நிமிட வேலை, வெறும் வயிறு தேவையில்லை. இதெல்லாம் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது கதிர்வீச்சுக் கணக்கு. ஒரு இடுப்பு எக்ஸ்ரேக்குச் சுமார் 0.6 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), இடுப்பு சி.டி.க்குச் சுமார் 6. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம்மேல் படுவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஆக, எக்ஸ்ரே என்பது மூன்று மாதக் கணக்கு, சி.டி. இரண்டரை வருடக் கணக்கு. (கதிரியக்கமுள்ள மோனசைட் மணல் கிடைக்கும் கன்னியாகுமரி மாவட்ட மணவாளக்குறிச்சிப் பக்கம் இயற்கையின் பங்கே கூடுதல்.) 74 வயதில் இது பெரிய விஷயமா என்றால், இல்லைதான். ஆனால் எலும்பு கூடுகிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டிவரும். அதுவே இளம் பெண் என்றால் கருப்பையும் சினைப்பையும் கதிர் விழும் இடத்திலேயே இருக்கின்றன. கர்ப்பமோ, நாள் தள்ளியிருக்கிறதோ, படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு கணக்குப் பார்த்த நான் கோட்டை விட்டது சுருக்குப்பையில். முதல் படத்தில் இடுப்பெலும்பின்மேல் மூன்று வெள்ளை வட்டங்கள். அம்மா மடியில் செருகியிருந்த சில்லறை! மறுபடி எடுத்தார்கள். ஊக்கு, அரைஞாண், தாயத்து எல்லாமே இப்படித்தான் விழும். பாதங்களைச் சற்று உள்பக்கம் திருப்பச் சொல்வார்கள், தொடை எலும்பின் கழுத்து முழுசாகத் தெரிவதற்காக. வலித்தால் சொல்லிவிடுங்கள், முறிவு இருக்கலாம் என்றால் வலிந்து திருப்பக் கூடாது.

இரண்டாவது படத்தில் இடுப்பு வளையத்தின் முன்பக்க எலும்பில் விரிசல் தெரிந்தது. ஆபரேஷன் இல்லை, வலி மாத்திரை, வாக்கர்.

சித்தப்பா சொன்னதிலும் நியாயம் உண்டு. தொடை எலும்புக் கழுத்தில் மயிரிழை விரிசல் எக்ஸ்ரேக்குத் தப்பலாம். முதுகெலும்பின் அடியில் இருக்கும் பின்பக்கத் திரிக எலும்பைக் குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். படம் சுத்தமாக இருந்தும் காலை ஊன்ற முடியவில்லையா? 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அடுத்து எம்.ஆர்.ஐ.; அதில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. அது உடனே கிடைக்காவிட்டால், அல்லது சில பேஸ்மேக்கர்கள்போல உடம்பில் அதற்கு ஒத்துவராதது ஏதாவது இருந்தால், சி.டி. எடுக்கலாம். பெரிய வாகன விபத்து என்றால் சி.டி.க்குத் தயங்கவே வேண்டாம். எங்களுக்கு எம்.ஆர்.ஐ. வரை போகவில்லை. அரை மணி நேரம் அசையாமல் அம்மா படுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆறு வாரம் கழித்து மறுபடம் எடுக்கப் போனபோது, அறை வாசலிலேயே சுருக்குப்பையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் எண்ணிப் பார்த்துத்தான் திரும்ப வாங்கிக்கொண்டார்.