பழைய ராணுவ டிரெய்லரை அடையாளம் காண சப்ளை கேட்டலாக்: எந்த அளவுக்கு நம்பலாம்?

அமெரிக்க ராணுவத்தின் பழைய டிரெய்லர்களுக்குப் பல கைகள் பெயின்ட் அடித்திருக்கும், சக்கரம் மாற்றியிருக்கும். தோற்றத்தை வைத்து மாடல் சொல்வது ஆபத்து. சப்ளை கேட்டலாக், அதாவது ராணுவம் வண்டிகளையும் பாகங்களையும் வரிசைப்படுத்திய பட்டியல், ஒவ்வொரு பொருளுக்கும் தரும் ஸ்டாக் எண்ணே உறுதியான துணை.

1974-க்கு முந்தைய எண்ணில் 11 இலக்கங்கள், பிந்தையதில் 13. பழையதன் முதல் நான்கு இலக்கங்களுக்குப் பின் 00 சேர்த்தால் புதிய எண் கிடைத்துவிடும். வண்டியில் பொருத்திய விவரத் தகட்டில் எண் 2330 என்று தொடங்கினால் அது முழு டிரெய்லரின் எண். 2530 என்றால் பிரேக், அச்சு, சக்கரப் பாகம். 2610 என்றால் டயர். பலர் தடுமாறுவது இங்கேதான்: அச்சில் கண்ட எண்ணை டிரெய்லரின் எண்ணாக எழுதிவைத்துவிடுகிறார்கள். ஒரே அச்சு பல மாடல்களில் வரலாம்.

தகட்டைக் கம்பி பிரஷால் தேய்க்கவே கூடாது, மேலோட்டமாகப் பொறித்த எழுத்து போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசுங்கள். 3-ம் 8-ம் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிகளுக்கு இந்த முறை உதவாது. அவற்றுக்கு ஜி-எண் பட்டியல் வேண்டும், அதாவது அந்தக் காலத்தில் ராணுவம் வண்டி வகைகளுக்குக் கொடுத்த G எழுத்தில் தொடங்கும் எண்களின் பட்டியல்: கால் டன் டிரெய்லர் ஜி-529, ஒரு டன் சரக்கு டிரெய்லர் ஜி-518. ஆனால் ஜி-எண் வண்டியின் வகையை மட்டுமே சொல்லும். தயாரிப்பாளர் யார் என்பதற்குத் தகட்டையும் சேஸிஸ் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் தகடு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.