ஊறுகாய்ப்புல் தின்னும் கறவை மாட்டுக்குச் சோடாவா, ஈஸ்டா, மோனென்சினா?

காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த மக்காச்சோளத் தீவனமான ஊறுகாய்ப்புல்லின் (சைலேஜ்) பி.எச். அளவு, அதாவது குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண், 4-ஐ ஒட்டி இருக்கும். மாட்டின் அசையூண் வயிற்றிலோ (ரூமென்) அந்த எண் 6-க்குக் கீழே இறங்கினாலே நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடுகின்றன. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரில் இயல்பாகவே பைகார்பனேட் இருப்பதால் வைக்கோல் தின்னும் மாடு இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் மிகப் பொடியாக நறுக்கிய ஊறுகாய்ப்புல்லோடு அடர்தீவனமும் அதிகமாகச் சேர்ந்தால், அசைபோடும் நேரம் குறைந்து, உமிழ்நீரும் குறைந்து, பாலின் கொழுப்பு சரிகிறது, சாணமும் நுரைத்துத் தளர்கிறது.

இந்நிலையில் என் முதல் தேர்வு சமையல் சோடாதான். கறவை மாடு ஒன்றுக்கு நாளுக்கு 150 முதல் 200 கிராம் வரை தீவனத்தில் கலந்து, வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் அது அமிலத்தை நேரடியாகச் சமன்செய்கிறது, விலையும் குறைவு. கொழுப்பையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) அளவையும் பார்த்து விலை போடும் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். பசும்புல்லும் வைக்கோலும் தாராளமாகத் தின்னும் மாட்டுக்கு மட்டும் இது வீண்செலவு.

உயிருள்ள ஈஸ்ட் வேறு வழியில் வேலை செய்கிறது. தீவனத்தோடு உள்ளே போகும் ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடுவதால், ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்களுக்கு, குறிப்பாக லாக்டிக் அமிலத்தை உண்டு தீர்ப்பவற்றுக்கு, இடம் கிடைக்கிறது. நாளுக்குச் சில கிராம் போதும் என்றாலும் பலன் பண்ணைக்குப் பண்ணை மாறும். தகரக் கொட்டகையின் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிரணுக்கள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதை வாங்குபவர் யோசிப்பதே இல்லை. சோடா போட்டும் கொழுப்பு நிலைக்காத இடத்தில் இதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

மோனென்சின் என்பது தீவனத்தில் கலக்கும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து; இவ்விரண்டோடும் ஒரே வரிசையில் வைக்கக்கூடியதன்று. அசையூண் வயிற்றின் நொதித்தலில் உண்டாகும் புரோப்பியோனிக் அமிலத்தின் உற்பத்தியைக் கூட்டித் தீவனத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலை அது உயர்த்துகிறது. ஆனால் இதனால் பால்கொழுப்பு குறையவும் கூடும். அமெரிக்காவில் 2004-இல் கறவை மாடுகளுக்கு அனுமதி பெற்ற இதை, வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடை விதித்தது. இது கலந்த தீவனத்தைக் குதிரை சிறிது தின்றாலும் உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரின் கணக்கு இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

நார் செரிக்கும் என்சைம் பொடிகளின் பலன் சீராக இல்லை என்பதால் அவற்றுக்கு நான் பணம் ஒதுக்கமாட்டேன்.

சாணத்தைக் கையால் பிசைந்து பார்க்கும்போது மக்காச்சோள மணிகள் முழுசாகத் தென்பட்டால் இவற்றில் எதுவும் அந்த மாவுச்சத்தை மீட்டுத் தராது. அறுவடையின்போதே மணியை நசுக்கும் உருளை உள்ள இயந்திரத்தில் நறுக்கினார்களா என்று ஊறுகாய்ப்புல் விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.