பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தேட: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம்

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் ஆணையத்தின் தளம் இது. காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லித் தொல்லையும் கிடையாது. பெயரைத் தட்டினால் பட்டியல் வந்துவிடுகிறது.

எங்கள் தாத்தாவின் அண்ணன் குடியாத்தம் பக்கமிருந்து பட்டாளத்துக்குப் போனவர். "பர்மா சண்டையில போயிட்டாரு" என்பதுதான் வீட்டில் சொல்லிவந்த கதை. தளம் காட்டியதோ சிங்கப்பூர், கிராஞ்சி. மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (படையின் பொறியாளர் பிரிவு), சிப்பாய் எண், 1942 பிப்ரவரி. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன அதே மாதம். அங்குள்ள நினைவுச் சின்னத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவருடையது எந்தப் பத்தியில் என்பதுவரை போட்டிருக்கிறார்கள். கீழே ஒரே வரி: இன்னார் மகன், இன்னாரின் கணவர், வட ஆற்காடு. பெரிய பாட்டியின் பெயரைப் பார்த்த பிறகுதான் இவர்தான் என்று உறுதியாயிற்று. அதே பெயரில் அத்தனை பேர்!

தேடுபவர்களுக்கு: நம்மாட்களுக்கு ஒற்றைப் பெயர்தானே, அதைப் பெரும்பாலும் 'சர்நேம்' (குடும்பப் பெயர்) கட்டத்தில் போட்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஒரே முனுசாமி முனிசாமியாகவும் முனுஸ்வாமியாகவும் வருவார். அதோடு மல்லுக்கட்டுவதைவிட, இந்தியப் படை, இரண்டாம் உலகப் போர் என்று சுருக்கிவிட்டு, கூடுதல் விவரக் கட்டத்தில் பழைய ஜில்லா பெயரை வெள்ளைக்காரன் எழுதிய மாதிரியே போடுங்கள்: டின்னவேலி (Tinnevelly), டிரிச்சினாபொலி (Trichinopoly). இன்றைய மாவட்டப் பெயர்கள் வேலைக்கு ஆகாது.

ஆனால் இது சாவுக் கணக்கு மட்டும்தான். அதுவும் 1947 டிசம்பர் 31 வரைக்கும்தான். எப்போது சேர்ந்தார், எங்கே பயிற்சி, எந்தக் கப்பலில் போனார், எதுவும் இருக்காது. உயிரோடு ஊர் திரும்பியவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். பணிப்பதிவு வேண்டுமென்றால் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில்தான் கேட்டுப்பார்க்க வேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு.

முதல் உலகப் போர் என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் போடுவேன். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் செதுக்கியவர்கள், நம் சிப்பாய்களை ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கையாக முடித்துவிட்டார்கள். அந்தப் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை, பெரும்பாலும் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் ஆணையமே அறிக்கை விட்டு ஒப்புக்கொண்டது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தேடலில் வரவில்லை என்றால், அவர் மெசபடோமியாவுக்குப் போகவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.