சாய்ந்த சுவரில் ஜன்னல் திரை: சிறிய படகுக் கேபினில் பல பருவங்களின் அனுபவம்

வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கத் தெரிந்தவர்கள் படகுக்கும் தைத்துவிடலாம். தையல் அதேதான். மாட்டும்போதுதான் வேறுபாடு தெரியும். சிறிய படகுகளில் கேபினின் பக்கச் சுவர் செங்குத்தாக நிற்காது, மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மேலே மட்டும் கம்பி கட்டி மாட்டிய துணி நேராகத் தொங்கும், சுவரோ கீழே வெளிப்பக்கம் விலகிப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். இருக்கையில் உட்காருபவரின் தலைக்குப் பின்னால் துணி வந்து நிற்கும், படுத்திருப்பவரின் முகத்தில் வெயில் நேராக அடிக்கும். படகு காற்றில் சாய்ந்து ஓடும்போது ஒரு பக்கத்துத் திரை முழுக்க கேபின் நடுவுக்கு வந்து ஊசலாடும்.

எங்கள் ஃபைபர் பாய்மரப் படகை வாங்கியபோது அப்படித்தான் ஒற்றைக் கம்பியில் பருத்தித் திரைகள் தொங்கின. அவற்றைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் டிராக் (திரையைத் தாங்கும் சின்ன ரன்னர்கள் வழுக்கி ஓடும் பள்ளப் பட்டை) வைத்து நானே தைத்த திரைகளைத்தான் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். எது தாங்கியது, எது இற்றுப்போனது, எது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. ஒரே வரியில் கேட்டால், திரையின் கீழ் ஓரத்தைப் பிடித்துவைப்பதுதான் படகில் முக்கால்வாசி வேலை.

முதலில் அளவு. இன்ச் டேப் மட்டும் போதாது. கேபின் ஜன்னல்கள் பெரும்பாலும் செவ்வகமாக இருப்பதில்லை. முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்று, மூலைகள் உருண்டிருக்கும். பழுப்புத் தாளை ஜன்னல் மேல் ஒட்டி, சட்டத்தின் விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்தால் தாளில் தெளிவாக மடிப்பு விழும். அதை வெட்டி எடுத்தால் உண்மையான வடிவம் கையில் வந்துவிடும். இடது ஜன்னலுக்கு எடுத்த தாளைத் திருப்பிப் போட்டு வலதுக்கும் பயன்படுத்த ஆசை வரும். இரண்டையும் தனித்தனியே எடுங்கள். எங்கள் படகில் இரண்டு பக்கத்துக்கும் விரல் அகல வித்தியாசம் இருந்தது.

ஜன்னல் எந்த வடிவில் இருந்தாலும் மேல் டிராக்கும் கீழ் டிராக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஜன்னலின் சாய்வைப் பார்த்துக் கீழ் டிராக்கையும் சாய்த்து வைத்தால், அகன்ற பக்கம் துணி இழுத்துக்கொள்ளும், குறுகிய பக்கம் தொய்ந்துவிடும், திரை பாதி வழியில் நின்றுவிடும். ஜன்னலை முழுதாக மூடும் ஒரு செவ்வகத்தை மனதில் வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டால் சரியாக இருக்கும்.

அகலத்தில் வீட்டுக் கணக்கு இங்கே ஒத்துவராது. வீட்டில் அழகான மடிப்புக்காக ஜன்னலைப் போல இரண்டு மடங்கு துணி வைப்போம். கேபினில் ஒன்றரை மடங்கு தாராளம். அதற்கு மேல் போனால் திறந்த பிறகும் ஒதுங்கிய துணியே பாதிக் கண்ணாடியை மறைத்துக்கொள்ளும். இருக்கும் வெளிச்சமே கொஞ்சம், அதைத் துணிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

துணி விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு: படகுக்குள் பருத்தி வேண்டாம். தொடுவதற்கும் பார்ப்பதற்கும் அதுதான் அருமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண ஈரப்பதக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை. அத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் காற்று பட்ட துணி, வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தாலும், மாலையில் மறுபடி பிசுபிசுத்துப் போவது இதனால்தான். பழைய பருத்தித் திரைகளின் கீழ் ஓரம் முழுக்கக் கரும்புள்ளியாகப் பூசணம் பிடித்திருந்தது. துவைத்தாலும் புள்ளி போகவில்லை, வாடையும் போகவில்லை.

எங்கள் பெரிய ஜன்னல்களுக்கு நெருக்கமாக நெய்த, நடுத்தர கனமுள்ள பாலியெஸ்டர் துணி. கண்ணாடியைப் பார்க்கும் பக்கத்தில் வெளிர் நிற பாலியெஸ்டர் உள்துணி வைத்துத் தைத்தேன். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஜன்னலும் ஒரே மாதிரித் தெரியும். வெளிச்சத்தை அறவே தடுக்கும் என்று விற்கப்படும் ரப்பர் பூச்சு உள்துணியைப் படகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய கேபினின் சூட்டில் அந்தப் பூச்சு வெடித்து, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டு, பிறகு செதில் செதிலாக உதிரும்.

முன் கேபினின் சின்ன ஜன்னல்களுக்கு, மேல்தள மூடாக்குத் தைத்தபோது மிஞ்சிய சன்பிரெல்லா என்ற பிராண்டின் அக்ரிலிக் துணியைப் பயன்படுத்தினேன். இந்த வகையில் இழை உருவாகும்போதே சாயம் உள்ளே கலந்துவிடும், மேலே ஏற்றிய சாயம் இல்லை. பாலியெஸ்டர் திரைகள் கண்ணாடிப் பக்கம் லேசாக வெளுத்திருக்க, இவை தைத்த அன்று இருந்த நிறத்திலேயே இருக்கின்றன. ஆனால் விறைப்பு அதிகம். மடிந்து ஒதுங்காது, அட்டை போல நிற்கும். சின்ன ஜன்னலுக்குச் சரி, நீள ஜன்னலுக்கு ஒத்துவராது. ஆக, நிறம் முக்கியமா, ஒதுங்குவது முக்கியமா என்று கேட்டால், நான் ஒதுங்குவதைத்தான் எடுப்பேன்.

நூலைப் பற்றிச் சுருக்கமாக: பாலியெஸ்டர் நூல் மட்டும். பழைய திரைகளின் தையலை நகத்தால் லேசாக இழுத்தபோதே பருத்தி நூல் மாவு மாதிரி உதிர்ந்து, ஓரம் முழுக்கத் தானாகப் பிரிந்து வந்தது. துணி அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. சாதாரண வீட்டு மிஷினில் 90 எண் ஊசி இந்தக் கனத்துக்குப் போதும்.

தைக்கும் வரிசையில் ஒன்றைக் கவனித்துக்கொண்டால் பிறகு தலைவலி இல்லை. துணியை வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காய வையுங்கள், சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். ரன்னர்களை மாட்டும் மேல் நாடாவை மட்டும் தைத்து, படகில் மாட்டி, திரையைக் கையால் நீவி, கீழ் டிராக் வரும் இடத்தில் குறி போடுங்கள். அப்புறம்தான் கீழ் நாடா. வீட்டு மேஜையில் அளந்து இரண்டையும் ஒரேயடியாகத் தைத்தால் சுவரின் வளைவு கணக்கில் வராது. துணி டிராக்குகளுக்கு நடுவில் தட்டையாக நிற்க வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. விறைத்தால் ரன்னர்கள் இறுகி நகராது.

எங்கள் டிராக் வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டை. அதில் சின்ன நைலான் ரன்னர்கள் ஓடும். அலுமினியத்திலும் கிடைக்கிறது, ஆனால் சுவரின் வளைவோடு சேர்ந்து வளைவது பிளாஸ்டிக்தான். இத்தனை பருவத்திலும் டிராக்கில் ஒரு விரிசல்கூட இல்லை.

ஸ்க்ரூ அடிப்பதுதான் எல்லோரும் தயங்கும் இடம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். கேபின் சுவர் மெல்லியது, நீளமான ஸ்க்ரூ வெளியே எட்டிப் பார்த்தால் அங்கிருந்து மழைநீர் உள்ளே இறங்கும். உள்ளே பால்சா என்ற லேசான மரம் வைத்த சுவராக இருந்தால் அந்த நீர் மரத்தை அழுகவும் வைக்கும். ஏற்கெனவே மரப்பட்டை ஓடும் இடமிருந்தால் அதிலேயே அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுவரின் தடிமனைத் தெரிந்துகொண்ட பிறகே துளை. டிரில் பிட்டின் நுனியிலிருந்து தேவையான ஆழத்தை அளந்து, அந்த இடத்தில் வண்ண டேப்பைச் சுற்றிவிட்டேன். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஆரம்பத்தில் டிரில்லைப் பின்னோக்கிச் சுழல விட்டால், மேலே இருக்கும் பளபளப்பான ஜெல்கோட் பூச்சு பெயராமல் ஒரு குழி விழும். பிறகு முன்னோக்கிச் சுழற்றினால் துளை சுத்தமாக இறங்கும். ஜன்னல் சட்டத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் துளை போடக் கூடாது.

ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304-ல் இல்லாத 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் இதில் இருக்கிறது, உப்புக் காற்றில் அதுதான் பழுப்புக் கறை வராமல் காக்கிறது. தலை டிராக்கின் பள்ளத்தில் முழுதாக அமுங்கும் வகையாகவும் இருக்க வேண்டும். ஒரே ஒரு தலை மயிரிழை உயர்ந்து நின்றாலும் ஒவ்வொரு ரன்னரும் அங்கே முட்டி நிற்கும்.

கீழ் டிராக்கில் மணல், உப்பு, ரொட்டித் துணுக்கு எல்லாம் சேரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டை ஒருமுறை ஓட்டினால் மறுபடி வழுக்கும். சிலிகான் ஸ்பிரே வேண்டாம். சுவரில் படிந்தால் பின்னாளில் அங்கே பெயின்ட் பிடிக்காது.

மற்ற வழிகளையும் நண்பர்களின் படகுகளில் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங் கம்பி மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் வளைந்த சுவரில் நேர்கோடாகத்தான் நிற்கும், வெட்டிய முனையில் துரு தொடங்கும். ஒட்டும் வெல்க்ரோவின் பசை சூட்டில் இளகி நகர்ந்துவிடும். அதைவிட, யாராவது தூங்கும்போது அதைப் பிய்க்கும் சத்தம்! காந்தம் வைத்த திரைகள் பார்க்க நேர்த்தியாக இருக்கும். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சின்ன நியோடைமியம் காந்தம்கூட அருகிலிருக்கும் திசைகாட்டியைத் திருப்பிவிடும். திசைகாட்டி வெளியே தள்ளியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் தானியங்கிச் சுக்கானின் மின்னணுத் திசைகாட்டி பல படகுகளில் கேபின் அலமாரிக்குள்தான் ஒளிந்திருக்கும், ஜன்னலிலிருந்து ஒரு சுவர் தள்ளி.

பயன்பாட்டில் நான் மிகவும் மெச்சுவது இரவுப் பயணத்தில் கிடைக்கும் இருட்டை. கண் இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கேபினில் ஒருவர் வரைபடம் பார்க்க விளக்கைப் போட்டால், சுக்கானில் இருப்பவரின் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும். ஓரங்களில் ஒளி கசியாத திரை இருந்தால் உள்ளே இருப்பவர் தயங்காமல் விளக்கைப் போடலாம். கீழ் டிராக் இல்லாத திரையால் இது நடக்கவே நடக்காது.

வெப்பத்தைத் தடுப்பதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரை அதைச் சந்திக்கிறது. வெளியே போடும் மூடாக்கு இதைவிடப் பல மடங்கு பயன் தரும். குளிர் நாட்களில் இன்னொன்று: திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று அடைபட்டு, விடியும்போது கண்ணாடி வியர்த்துக் கீழ் ஓரம் நனையும். எழுந்ததும் திரையைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிடுவதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். பூசணம் இதுவரை வரவில்லை என்றால் அதற்குத் துணி பாதிக் காரணம், இந்தத் துடைப்பு பாதிக் காரணம்.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஜன்னலுக்குத் துணியே கிடையாது. பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் தீயில் உருகித் தோலில் ஒட்டும். பக்கத்து ஜன்னலின் திரை அங்கே நகர்ந்து போகாதபடி டிராக்கில் ஒரு தடுப்பும் வைத்திருக்கிறேன். படகு அலையில் ஏறி இறங்கும்போது ஒதுங்கிய திரை முன்னும் பின்னும் ஓடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப் பட்டையும் டிச் பட்டனும் உண்டு. பட்டன் பதியும் இடத்தில் உள்ளே இன்னொரு துண்டுத் துணி வைத்துத் தைக்காவிட்டால், இழுத்து இழுத்து அங்கே கிழியும்.

பருவம் முடிந்ததும் ஒரு முனையின் தடுப்பைக் கழற்றினால் திரை ரன்னர்களோடு வழுக்கி வெளியே வந்துவிடும். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் காயவைத்தால் போதும். இதுவரை தேய்ந்தவை சில ரன்னர்கள்தான், அதுவும் தினமும் திறக்கும் ஜன்னலில். அவற்றை மாற்றப் போகும்போதுதான் தெரியும், ஒரு தயாரிப்பாளரின் ரன்னர் இன்னொருவரின் டிராக்கில் ஓடாது என்பது. அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் இறுகும், அல்லது கழன்று விழும். டிராக் வாங்கும் அன்றே ரன்னர்களை இரட்டிப்பாக வாங்கி, வெட்டி மிஞ்சிய டிராக் துண்டோடு ஒரு டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்துவிடுங்கள்.