குஸ்கோவில் கட்டிய 1,920 சோல்: அமந்தானி தீவு வீடுகளில் தங்க நினைப்பவர்களுக்கு

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு, பெருவின் குஸ்கோ நகரில் இருக்கும் ஒரு சுற்றுலா ஏற்பாட்டு அலுவலகத்துக்கு இன்று காலை 9 மணிக்கு ஐந்தாவது முறையாகப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு அறைக்குத் திரும்பி, கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் போனது 1,920 சோல், நம் பணத்தில் ஏறத்தாழ 46,000 ரூபாய். எப்படி ஏமாந்தோம், நீங்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் விவரமாகச் சொல்கிறேன். பெரு போகிற எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நானும் அக்காவும் மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு ஜூலை 17 அன்று குஸ்கோவுக்குத் திரும்பினோம். அக்காவுக்குத் தறியும் நூலும்தான் உலகம். தித்திகாகா ஏரியில் இருக்கும் தக்கீலே தீவின் நெசவுக் கலையை 2005-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மற்றும் அருவப் பாரம்பரியத்தின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. அங்கே ஆண்களே ஊசி வைத்துத் தொப்பி பின்னுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தீவான அமந்தானியில் ஒரு குடும்பத்தோடு ஆறு இரவு தங்கவேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். அமந்தானியில் வெளியாள் நடத்தும் பெரிய ஹோட்டல்கள் இல்லை. தீவில் பத்து சமூகங்கள் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் குடும்பங்கள் முறை வைத்துத் தங்கவைக்கும். இதைப் படித்துவிட்டு அக்கா பல மாதமாக இதே நினைப்பாக இருந்தாள்.

குஸ்கோவில் பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெரு முழுக்கச் சுற்றுலா ஏற்பாட்டு அலுவலகங்கள்தான். நாங்கள் நுழைந்தது அப்படி ஒரு சின்ன அலுவலகம். கிராமத்து வீடுகளில் தங்கவைப்பதுதான் தங்கள் வேலை என்று வெளியே எழுதியிருந்தார்கள். மேசையில் இருந்த பையன் கொகா இலைத் தேநீர் கொடுத்தான். விலையை அவனாகச் சொல்லவே இல்லை. ஒரு ஆல்பத்தைத் திறந்து, கையில் தக்கிளியோடு சிரிக்கும் ஒரு பாட்டியின் படத்தைக் காட்டினான். "நீங்கள் இவர்கள் வீட்டில்தான் தங்கப்போகிறீர்கள். நீங்கள் கொடுப்பதில் பத்தில் எட்டுப் பங்கு நேராக இவர்கள் கைக்குப் போகிறது" என்றான். அங்கத்து மலைவாழ் மக்களின் மொழியான கெச்சுவாவில் ஐனி என்ற ஒரு சொல்லையும் சொன்னான். இன்று நான் உன் வயலில் உழைத்தால் நாளை நீ என் வயலில் உழைப்பாய் என்கிற அந்த ஊர் மக்களின் பழைய வழக்கம் அது. அந்தச் சொல்லைத்தான் இவன் வியாபாரத்துக்கு எடுத்து வைத்திருந்தான்.

அப்போதும் அக்கா தயங்கினாள். அவன் போனை எடுத்து ஒரு எண்ணுக்கு அழைத்து, கெச்சுவாவில் ஏதோ பேசிவிட்டு அக்காவிடம் நீட்டினான். மறுமுனையில் ஒரு வயதான பெண் குரல். முதலில் கெச்சுவாவில் நலம் விசாரித்தது, பிறகு ஸ்பானிஷில், "வாங்க மகளே, குளிருக்குப் போர்வை நிறைய இருக்கு" என்றது. அக்காவுக்கு ஸ்பானிஷ் ஓரளவு வரும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. எங்கள் பாட்டி இறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்த நிமிஷத்தில்தான் நாங்கள் விழுந்தோம். அங்கே யார் பேசினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆளுக்கு ஓர் இரவுக்கு 160 சோல், இரண்டு பேருக்கு ஆறு இரவு, 1,920 சோல். கார்டில் கட்டினால் கமிஷன் அதிகம் என்றான், ஏடிஎம்மில் எடுத்து ரொக்கமாகக் கொடுத்தேன். "தம்பி, சரியான ரசீதாகக் கேளுடா" என்று அக்கா சொன்னாள். அவன் கொடுத்த தாளில் பெயர், தொகை, ஒரு முத்திரை எல்லாம் இருந்தன. அது போதும் என்று நான்தான் மடித்துப் பையில் வைத்தேன்.

ஏரிக்கரையில் இருக்கும் புனோ நகருக்குப் பஸ்ஸில் ஏழு மணி நேரம். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. புனோவில் இரண்டு நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டோம். ஜூலை 21 அன்று காலை படகு ஏறினோம். வழியில் கோரையால் கட்டிய மிதக்கும் தீவுகளில் வாழும் ஊரோஸ் மக்களைப் பார்த்துவிட்டு அமந்தானி போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

படகுத்துறையில் பெண்கள் காத்திருந்தார்கள். பூவேலை செய்த கறுப்பு முக்காடு, அடுக்கடுக்கான பாவாடை, நின்ற நிலையிலேயே நூல் நூற்கும் கைகள். ஒருவர் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஒவ்வொரு விருந்தாளியும் ஒவ்வொரு குடும்பத்தோடு மேலே ஏறிப்போனார்கள். கடைசியில் நானும் அக்காவும் இரண்டு பைகளும் மட்டும் மிஞ்சினோம். எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. படகுக்காரர் அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வெயில் இறங்கியதும் குளிர் எலும்பைப் பிடித்தது. அக்காவுக்கு உயரத்தால் தலைவலி வேறு.

அவ்வளவு நேரமும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து அக்காவின் பையைத் தூக்கித் தன் முதுகுத் துணியில் கட்டிக்கொண்டார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஏற்றத்தில் பத்து அடிக்கு ஒருமுறை நாங்கள் மூச்சு வாங்க நின்றோம். அவர் பையோடு முன்னால் போய் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தார்.

மண் செங்கல் வீடு. அடுப்பங்கரையில் உட்காரவைத்து, முன்யா என்ற மலைப்புதினா போட்ட சுடுதண்ணீரைக் கொடுத்தார். பிறகு கினோவா சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஓகாக் கிழங்கு, வறுத்த பாலாடைக்கட்டி. சூப்பில் சுன்யோவும் இருந்தது. ஜூன், ஜூலை மாதத்து உறைபனியில் இரவெல்லாம் கிடத்தி, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயவைத்த உருளைக்கிழங்கு அது. வருஷக்கணக்கில் கெடாது. அதன் மண்வாசம் எனக்கு இப்போதும் நாக்கில் இருக்கிறது. இவ்வளவும், நாங்கள் ஒரு காசு கொடுப்பதற்கு முன்னால்.

சாப்பிட்ட பிறகு எவ்வளவு கட்டினோம் என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, போன வருஷம் வேறொரு ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்காகத் தன் கைக்கு வந்தது ஆளுக்கு ஓர் இரவுக்கு 35 சோல், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து, அதுவும் நான்கு மாதம் கழித்து என்றார். நாங்கள் கொடுத்தது 160. எங்கள் பணத்தில் இந்தத் தீவுக்கு ஒரு சோல்கூட வரவில்லை.

ஆல்பத்தில் இருந்த பாட்டியின் படத்தை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரின் மாமியாராம். இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

அன்று இரவு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. என் பணத்தைத் தின்றது ஒரு பக்கம். இறந்துபோன ஒரு மனுஷியின் முகத்தைக் காட்டி, அவள் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் சம்பாதிக்கிறார்கள். ஏமாந்து வருகிறவர்கள் படகுத்துறையில் நின்று அந்த ஊர்க்காரர்களிடம் சண்டை போடுகிறார்களாம். அப்படி நடந்திருப்பதாக அந்தம்மாவே சொன்னார். பெயர் கெடுவது அவர்களுக்கு.

தீவில் ஏடிஎம் கிடையாது. கையில் இருந்த ரொக்கத்துக்கு மூன்று இரவுதான் தங்க முடிந்தது. ஆளுக்கு 60 சோல் வீதம் 360 சோலை அந்தம்மா கையிலேயே கொடுத்தோம். அதிகம் என்று திருப்பித்தர வந்தார். நாங்கள் வாங்கவில்லை. அந்த மூன்று நாளும் பொன்னானவை. பச்சமாமா மலை ஏறினோம், அக்கா தறியில் உட்கார்ந்தாள். அதையெல்லாம் தனியாக எழுதுகிறேன், இங்கே கலக்க மனசு வரவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. தீவிலிருந்து அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திக்கு, "புனோ ஒருங்கிணைப்பாளரின் தவறு, அவரைக் கேளுங்கள்" என்று பதில். புனோ எண்ணில் ஒருவர், "நான் படகு மட்டும்தான் பார்ப்பேன், குஸ்கோவில் கேளுங்கள்" என்றார். ஜூலை 25 குஸ்கோ வந்தோம். மேசையில் வேறொரு பெண். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். முதலாளி லிமாவில் இருக்கிறாராம், நாளைக்குக் கட்டாயம் பணம் வருமாம். 26-ம் தேதியும் நாளைக்கு என்ற அதே பதில்தான். 27-ம் தேதி, "நீங்கள்தான் தீவில் தங்கிவிட்டீர்களே, சேவை கிடைத்துவிட்டதே" என்றாள்! அக்கா அழாத குறை. புகார்ப் புத்தகம் கேட்டால், அது வேறு கிளையில் இருக்கிறது என்றாள். பெருவில் ஒவ்வொரு கடையும் அலுவலகமும் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். நான் அதைச் சொன்னதும், 28, 29 சுதந்திர தின விடுமுறை, 30-ம் தேதி வந்து எழுதுங்கள் என்றாள். நான் 29-ம் தேதியும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். இன்று 30. பூட்டு. வாட்ஸ்ஆப்பில் அவர்கள் படமும் மறைந்துவிட்டது, செய்திக்கு ஒற்றை டிக்தான். 1,920 சோல்!

இதற்கிடையில் ஐபெரு என்ற அரசுச் சுற்றுலா உதவி மையத்துக்கும் போயிருந்தோம். அங்கே ரசீதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள். முறையான ரசீதில் ரூக் எனப்படும் 11 இலக்க வரி எண் இருக்கவேண்டுமாம். எங்கள் தாளில் இல்லை. இருந்தாலும் நுகர்வோர் அமைப்பான இன்டெகோபிக்குப் புகார் எழுத அவர்கள்தான் பொறுமையாக உதவினார்கள். நகல் கையில் இருக்கிறது.

விவரமாக யோசனை சொல்கிறேன் என்றேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். குஸ்கோவில் மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள். 11 இலக்க எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். கார்டு வேண்டாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புனோ படகுத்துறைக்குக் காலையில் நேராகப் போய்த் தீவுக்காரர்களின் படகில் டிக்கெட் எடுங்கள், தங்கும் பணத்தை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். சில்லறை நோட்டாக ரொக்கம் கொண்டுபோங்கள். போனில் கேட்கும் குரலை நம்பாதீர்கள். பெயர் பட்டியலில் இல்லை என்றால் தீவுக்காரர்களிடம் கத்தாதீர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா பையைத் தூக்கிவிட்டாள். புகாருக்குப் பதில் வந்தால் லிமாவிலிருந்து எழுதுகிறேன்.