மேட் இன் ஜப்பான்: 60 நிமிஷ கேசட்டில் பிடித்த பழக்கம்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளின் லைவ் ஆல்பம் 'மேட் இன் ஜப்பான்' முதன்முதலில் என் கைக்கு வந்தது ஒரு 60 நிமிஷ கேசட்டாக. நண்பன் ஒருவன் பதிந்து கொடுத்தான். ஆல்பத்தின் நீளமோ 76 நிமிஷத்துக்கும் மேல், அதனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் 'த மியூல்' பாட்டில் டிரம் சோலோ சூடு பிடிக்கிற நேரத்தில் டொக் என்று நின்றுவிடும். திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'ஸ்பேஸ் டிரக்கின்' பாதி வழியில், ஆர்கன் எங்கேயோ இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, டேப் தீர்ந்துவிடும். நான் ஆறு வருஷம் அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுமட்டுமா, என்ன துணிச்சலான முடிவு என்று நாலு பேரிடம் சிலாகித்தும் இருக்கிறேன். பிறகு சிடி வாங்கிப் போட்டபோது அந்த இடத்தைத் தாண்டி இன்னும் பத்து நிமிஷம் ஓடியது. அன்றைக்கு வாயடைத்து உட்கார்ந்தவன்தான், சுமார் 25 வருஷமாக இன்னும் எழுந்திருக்கவில்லை.

கேசட், சிடி, ரீமாஸ்டர் (ஒலியைச் சீராக்கிய மறுபதிப்பு), இரட்டை எல்பி இசைத்தட்டு, இப்போது போனில் ஸ்ட்ரீமிங் என்று எல்லா வடிவத்திலும் கேட்டாயிற்று. அதனால் இதை ஒரு நீண்டகால உபயோகிப்பாளனின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்கதை சுருக்கமாக. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹால், 17 டோக்கியோவின் புடோகான், மொத்தம் மூன்று கச்சேரிகள். ஜப்பானிய ரெக்கார்டு கம்பெனிதான் உள்ளூர் விற்பனைக்கு ஒரு லைவ் ஆல்பம் கேட்டது. குழுவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. செய்வதென்றால் எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அவரும் எட்டுத் தனித்தடங்களில் பதிகிற 8 டிராக் மெஷினில் பதிந்தார். பதிந்ததைக் கலந்து சரிசெய்கிற மிக்ஸிங்குக்குக்கூட பேஸ் கிதார் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் இயன் பெய்ஸும் மட்டும்தான் போனார்களாம். இப்படி வேண்டாவெறுப்பாகப் பிறந்த சரக்கு அந்த வருஷம் டிசம்பரில் பிரிட்டனில் வெளிவந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவில் வெளிவந்து விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. பெற்றவர்கள் கண்டுகொள்ளாத பிள்ளை நன்றாகத் தலையெடுத்த கதை!

சரி, கேட்கிற அனுபவத்துக்கு வருகிறேன். ஏழே பாட்டுகள்தான், அதில் நாலு அதே வருஷம் மார்ச்சில் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் உள்ளவை. ஆனால் ஸ்டுடியோவில் நாலரை நிமிஷம் ஓடிய 'ஸ்பேஸ் டிரக்கின்' இங்கே கிட்டத்தட்ட 20 நிமிஷம், எல்பியில் ஒரு பக்கம் முழுக்க அதற்கே. இதை மற்றவர்களுக்குச் சொன்னால் 'இழுவையா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். சில இடங்களில் இழுவைதான், மறைப்பானேன். அதே 'ஸ்பேஸ் டிரக்கின்' நடுவில் ஆர்கனும் கிதாரும் மாறி மாறி உறுமிக்கொண்டே இருக்கும் இடத்தில், சோர்வான நாட்களில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதுண்டு. டிரம் சோலோ பிடிக்காதவர்களுக்கு 'த மியூல்' ஒரு சோதனை. எனக்கு அது பிடிக்கும், ஆனால் அதில் பாதி காரணம் கேசட் ஆறு வருஷம் அதை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது எது என்று யோசித்தால், பாட்டுகள் இல்லை, ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிற விதம்தான். இது புரிய எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டின் நடுவே பாடகர் இயன் கில்லனும் கிதார் வாசிக்கும் ரிச்சி பிளாக்மோரும் எசப்பாட்டு பாடுவார்கள். பிளாக்மோர் கிதாரில் ஒரு சின்ன வரி போடுவார், கில்லன் தொண்டையில் அதையே திருப்பித் தருவார். முதலில் சுலபமாகத்தான் இருக்கும். போகப்போக பிளாக்மோர் வேண்டுமென்றே குசும்பு செய்வார், ஏடாகூடமாக வளைத்து, மேலே மேலே ஏற்றி. கில்லன் விடமாட்டார். ஒரு கட்டத்தில் எது குரல் எது கிதார் என்று காது ஒரு கணம் ஏமாந்துபோகும். கடைசியில் கில்லன் ஒரு அலறலை இழுத்துப் பிடித்து நிறுத்துவார் பாருங்கள், நல்ல ஹெட்போனில் கேட்டால் பிடரி மயிர் சிலிர்க்கும். இது எழுதி வைத்து வாசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமல் காத்திருக்கிற அந்த அரை விநாடி அமைதியும் பதிவில் கேட்கிறது.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' விஷயமும் அப்படித்தான். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் சூதாட்ட விடுதி எரிந்ததைப் பற்றிய பாட்டு அது. இன்றைக்கு உலகத்தில் கிதாரைத் தொட்டவர்கள் எல்லோரும் வாசித்துப் பார்க்கிற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் வரி) அதில்தான். ஆனால் இந்தப் பதிவு நடந்தபோது அது ஒரு ஆல்பத்தின் பாட்டுகளில் ஒன்று, அவ்வளவுதான். அமெரிக்காவில் சிங்கிளாக வந்து 4ஆம் இடம் பிடித்தது 1973இல்தான். அதனால்தான் பிளாக்மோர் ரிஃப்பை ஒரு பொக்கிஷம் மாதிரி கையாளாமல், தொடக்கத்தில் கொஞ்சம் விளையாடிப் பார்க்கிறார். கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொள்கிறது. இதே பாட்டை இந்தக் குழு பிற்காலத்தில் வாசித்த பதிவுகளைக் கேட்டால், எல்லோருக்கும் பாட்டு தெரியும் என்பது குழுவுக்கும் தெரிந்துவிட்டது என்பது புரியும். இங்கே அந்தக் கனம் இன்னும் ஏறவில்லை.

ஜான் லார்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஹேமண்ட் ஆர்கனை ராக் கிதாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து வாசித்தவர். அது ஆர்கன் மாதிரியே இருக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஏதோ ஒரு மிருகம் மாதிரி இருக்கும். 'லேஸி' தொடக்கத்தில் அவர் தனியாக வாசிக்கும் இடத்தைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் வெறும் இரைச்சல். கேசட் காலத்தில் அந்தப் பகுதியை நான் ஓட்டி விட்டுவிடுவேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஹெட்போனில், ஆர்கனும் கிதாரும் இரண்டு காதுக்கும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்று முட்டிக்கொள்வதைக் கேட்ட பிறகுதான் குளோவரின் பேஸ் நடுவில் எவ்வளவு பொறுமையாகக் கட்டிக் காக்கிறது என்பதே தெரிந்தது.

எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதல்முறை கேட்பவராக இருந்தால் அசல் ஏழு பாட்டு போதும். 1998 ரீமாஸ்டரில் இரண்டாவது வட்டாக 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' என்று என்கோர் பாட்டுகள் (கச்சேரி முடிந்து கூட்டம் கேட்க மறுபடி வந்து வாசிப்பவை) வருகின்றன. நன்றாக இருக்கும், ஆனால் 'ஸ்பேஸ் டிரக்கின்' முடிந்ததும் அமைதியாக உட்கார வேண்டிய இடத்தில் அவை கொஞ்சம் இடைஞ்சல். பைத்தியம் முற்றிவிட்டால் மூன்று இரவுகளையும் தனித்தனியாகத் தரும் பெட்டி இருக்கிறது, 1993இல் ஒன்று, 2014இல் இன்னும் முழுமையாக ஒன்று. எனக்கு முற்றிவிட்டது, வாங்கினேன். ஒரே பாட்டை மூன்று இரவும் வரிசையாகக் கேட்டுப் பார்த்தால், ஆல்பத்துக்கு ஏன் அந்த இரவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்வீர்கள், ஒன்றிரண்டு இடத்தில் சண்டை போடுவீர்கள். அந்தச் சண்டைதான் ரசிகர்களுக்கு இத்தனை வருஷமாகச் சாப்பாடு. 15ஆம் தேதி இரவில் இருந்து ஆல்பத்துக்குப் போனது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும்தான், 'த மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ, மீதி நாலும் 16ஆம் தேதி ஒசாகா. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதற்கு உதவும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்கும்போது உறுத்துகிற ஒரு விஷயமும் உண்டு. இவ்வளவு ஒட்டி உறவாடி வாசிக்கிற இந்த ஐவர் அணி அப்புறம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1973 ஜூன் 29இல், அதுவும் அதே ஒசாகாவில், கில்லனும் குளோவரும் கடைசியாக வாசித்துவிட்டு விலகிவிட்டார்கள். (பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தது வேறு கதை.)

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. என் போனில் ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் குழைத்து ஒட்டுகிற கிராஸ்ஃபேட் வசதி எப்போதும் போட்டே இருந்திருக்கிறது. சில மாதம் எனக்கே தெரியவில்லை, ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது. கைதட்டல், ஸ்ட்ரிங் முறுக்குகிற சத்தம், மேடையில் அவர்கள் ஆளுக்கு ஆள் கிண்டலடிப்பது எல்லாம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வை என்று கில்லன் மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர்) ஆளிடம் கேட்கிற அந்தப் பிரபலமான வரியும் அப்படி ஒரு இடைவெளியில் வருவதுதான். போடுவதற்கு முன் செட்டிங்கில் போய் அந்தச் சனியனை அணைத்துவிடுங்கள்.